சபை இல்லாத சீஷனுக்கு யாரு பொறுப்பு?

பொலிஸ் ஸ்டேசன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. மாத்தயா பேனாவ மேசையில வச்சிட்டு, என்னை நிமிந்து பாத்து சிங்களத்துல கேட்டார். "சரி, நீங்கல்லாம் என்னாத்த நம்புறீங்க?"

நான் வாங்குப் பலகையில இருந்து பாதி எந்திரிச்சேன். பாதி எந்திரிச்சா மரியாதைக்கு மரியாதையுமாச்சு, ஓடணும்னா ஓடவும் வசதி. பக்கத்துல ஒரு பொலிஸ்காரர் பேப்பர்ல சுத்துன ரொட்டிய கட்டச் சம்பலோட சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். அந்தச் சம்பல் வாசம் இப்ப அடிச்சாலும் எனக்கு உள்ளங்கை வேர்க்குது.

அதுவரைக்கும் யாருமே என்கிட்ட இந்தக் கேள்விய கேட்டதில்ல. வீட்ல கேக்குறது சாப்பிட்டியான்னு. கடையில கேக்குறது புதுப் படத்துப் பாட்டு வந்திருச்சான்னு. ரெண்டுக்கும் எங்கிட்ட பதில் இருக்கும்.

"நல்லத நம்புறோம் சேர்"னேன்.

"இந்த ஸ்டேசனுக்கு வர்ற எல்லாரும் நல்லதத்தான் நம்புறாங்க"ன்னார் அவர். சிரிக்கல.

உள்ளுக்கு, கம்பிக்கு அந்தப் பக்கம், தரையில சம்மணம் போட்டு உக்காந்திருந்தார் தங்கராஜ் அண்ணன். முந்தின நாள் பஸ் ஸ்டாண்ட்ல வச்சுப் புடிச்சிருந்தாங்க. அவர் எந்தக் கூட்டத்து ஆள், அவருக்கு யாரு பொறுப்புன்னு சொல்ல ஒழுங்கான ஒருத்தர் வந்தா விட்டுருவாங்க. வரலன்னா அன்னைக்கி பின்னேரம் ஜீப்புல ஏத்தி கொழும்புக்கு அனுப்பிருவாங்க.

தொண்ணூறுகளோட நடுப்பக்கம்னு வச்சிக்கிங்க. அந்தக் காலத்துல கொழும்புக்கு அனுப்புறதுன்னா என்னான்னு நான் விரிச்சு எழுதத் தேவையில்ல. போற நாள் ஊருக்கே தெரியும். வர்ற நாள யாரும் சொல்ல மாட்டாங்க.

கடைக்கு மேல ஒரு மாடி

போன கிழமை இந்தப் பக்கத்துல என் கசட் கடை கதைய எழுதுனப்ப, மேல் மாடியில ஏதோ கூட்டம் நடக்கும்னு ஒரே வரியில தாண்டிப் போயிட்டேன். அலுவிகாரையில இருந்து ஒரு வாசகர் விடாம கேட்டிருக்காரு, அது என்னா கூட்டம்னு. ஐயா, அது எனக்கே இன்னும் சரியா வெளங்கல. தெரிஞ்சத சொல்றேன்.

மாத்தள மெயின் றோட்டுல என் கடை கீழ. அதுக்கு மேல, கட்டடத்துச் சொந்தக்காரர் ஹாஜியாரோட ஸ்டோர். மிளகு, கராம்பு, சாதிக்கான்னு சாக்கு சாக்கா அடுக்கியிருக்கும். எங்கடையில எந்தப் பாட்ட ரெக்கோட் பண்ணிக் குடுத்தாலும் கசட்டுல கராம்பு வாசம் அடிக்கும். சில பேரு அதுக்காகவே வந்தாங்கன்னு நான் நம்புறேன். பாட்டோட தரம் அப்புடி.

அந்த ஸ்டோர்ல வேலை செஞ்சவர் தான் தங்கராஜ் அண்ணன். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவர். என்னை விட கொஞ்சம் மூத்தவர். பொய் சொல்லத் தெரியாத மனுசன்னு நம்ம பல பேரச் சொல்லுவோம். இவரு அந்த வகை இல்ல. தெரிஞ்சும் சொல்லாத வகை. அதோட வாழ்றது ரொம்பச் சிரமம்.

ஒரு நாள் ஸ்டோருக்கு டெலிபோன் வந்துச்சு. ஹாஜியார் பதறிப் போய் நான் இல்லன்னு சொல்லுன்னு கையக் காட்டுறார். இவர் ரிசீவர எடுத்து, "ஹாஜியார் இங்கதான் இருக்காரு, ஒங்களோட பேச விருப்பமில்லையாம்"னு சொல்லிட்டு வச்சிட்டார். ஹாஜியார் அன்னைக்கி முழுக்க தலையில கை வச்சிக்கிட்டே இருந்தார். ஆனா சாவிக் கொத்த மட்டும் இவர் கிட்ட இருந்து எடுக்கல. அத விட நம்பிக்கையான ஆள எங்க போய்த் தேடுறது?

வியாழக்கெழம பின்னேரம் சாக்குகள ஓரமாத் தள்ளிட்டு அங்கதான் எங்க கூட்டம். நான் மொத மொத போனது திங்க ரோல்ஸ் குடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டு. ரோல்ஸ் குடுத்தது ஒரே ஒரு வாட்டி. அதுக்குள்ள நான் மாட்டிக்கிட்டேன்.

நாங்க யாரு

மொதல்ல, நாங்க ஒரு சபை இல்ல. மாசத்துக்கு ஒருக்கா கண்டியில இருந்து ஒரு அண்ணன் வருவார், அவர் இத அடிச்சு அடிச்சு சொல்லுவார். மெதடிஸ்டா, ஆங்கிலிக்கனா, கத்தோலிக்கமா, பெந்தெகொஸ்தேயா, எதுன்னாலும் எங்களுக்கு ஒன்னு. நாங்க யாரையும் எங்க இருந்தும் புடுங்கிக்கிட்டு வர்றதில்ல. ஞாயித்துக்கெழம அவங்கவங்க சொந்தச் சபைக்குப் போகணும், வியாழக்கெழம இங்க வரணும்.

நான் கையத் தூக்கிக் கேட்டேன். "அண்ணே, தங்கராஜ் அண்ணனுக்கும் எனக்கும் சொந்தச் சபை இல்லையே. எங்க வீட்ல ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறவங்க. நான் எங்க போறது?"

தேவன் வழி காட்டுவார்னு சொன்னார். தேவன் காட்ட முந்தி எங்கம்மா காட்டிட்டா. ஞாயித்துக்கெழம காலையில பையக் குடுத்து மீன் வாங்க அனுப்புவா. ரொம்ப காலத்துக்கு என் சொந்தச் சபை மீன் சந்த தான்.

எங்க நம்பிக்கையச் சொல்றது லேசு. கடவுள் ஒருத்தர். வேதம் அவரோட வார்த்தை. இயேசு நம்ம பாவத்துக்காகச் செத்தார், திரும்ப உயிரோட எந்திரிச்சார். மன்னிப்பு கெடைக்கிறது நம்ம நல்லவங்களா இருக்குறதால இல்ல, அவர் நல்லவரா இருக்குறதால. இந்தக் கடைசிது எனக்கு ரொம்பப் புடிச்சது. ஏன்னு என்னைத் தெரிஞ்சவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

எங்க வேலை தான் கொஞ்சம் விசித்திரம். மேடை கெடையாது, மைக் கெடையாது, காணிக்கைப் பை கெடையாது. ஒரு ஆள் இன்னொரு ஆள எதுத்தாப்புல உக்கார வச்சு, வாரா வாரம் வேதத்த வாசிச்சு, அத அவனோட வாழ்க்கையில ஒரசிப் பாக்கணும். அவன் சொந்தக் கால்ல நின்ன ஒடனே அவனும் ஒரு ஆளத் தேடிப் புடிச்சு அதையே செய்யணும். சீஷனாக்குறதுன்னா அதுதான். கேட்டு வர்ற யாரையும் மாட்டேன்னு சொல்லக் கூடாது. யாரு யாருக்குச் சொல்லிக் குடுக்குறான்னு பெருமையடிச்சிக்கிட்டுத் திரியவும் கூடாது. அதனால பேர் பதியிறதில்ல. மொத்தம் எத்தன பேருன்னு கண்டி அண்ணனுக்கே தெரியாது.

பேர் இல்ல, பதிவு இல்ல, கட்டடம் இல்ல. ஒருத்தனுக்கு அவனுக்கு மேல இருக்குறவனையும் கீழ இருக்குறவங்களையும் மட்டும் தான் தெரியும். வாரா வாரம் மாடியில ரகசியமா, தமிழ்ப் பொடியங்க.

இத எழுதக்குள்ள தான் எனக்கே ஒறைக்குது. அந்தக் காலத்துல, அந்த நாட்டுல, வேற எந்த வேலைக்கு ஆள் சேக்குறவங்க இப்புடிச் சேத்தாங்கன்னு யோசிங்க. எங்க யாருக்குமே அது தோணல. நாங்க அவ்வளவு சுத்தமான ஆளுங்க. இல்லாட்டி அவ்வளவு மக்குங்க. எதுன்னு இன்னும் முடிவாகல.

பஸ் ஸ்டாண்ட்ல நடந்தது

அந்தக் கிழமை எங்கயோ குண்டு வெடிச்சிருந்துச்சு. டவுன் பூரா செக்கிங். தங்கராஜ் அண்ணன் இரத்தோட்டை பஸ்ஸுல வந்து எறங்கியிருக்கார். ஐ.சி.ய, அதான் அடையாள அட்டைய, வாங்கிப் பாத்த பொலிஸ்காரர் எங்க போயிட்டு வர்றன்னு கேட்டிருக்கார்.

வேற ஆளுன்னா சொந்தக்காரங்க வீட்டுக்குன்னு சொல்லிட்டு வந்திருப்பான். இவர் என்னா சொன்னார்னு அப்பறம் அவரே எங்கிட்ட சொன்னார், ஒரு வார்த்த விடாம.

தோட்டத்துல ஒரு பொடியன தயார் பண்ணிட்டு வர்றேன்னாராம். எதுக்குத் தயார்? வேற ஆளுங்களத் தயார் பண்றதுக்கு. ஒனக்குக் கீழ எத்தன பேரு? நேரடியா நாலு பேரு, அவங்களுக்குக் கீழ எவ்வளவுன்னு தெரியாது, தெரிஞ்சிக்காம இருக்குறது தான் எங்க வழக்கம். ஆபீஸ் எங்க? கெடையாது. தலைவர் யாரு? அவர் செத்து திரும்ப எந்திரிச்சவர் சேர்.

அதுக்கு மேல பொலிஸ்காரர் ஒன்னும் கேக்கலையாம். கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாராம். அவர எப்புடிக் குத்தம் சொல்றது?

துண்டு இல்லாத கட்சி

மறுநாள் விடிஞ்ச கையோட ஹாஜியார் என்னையும் இழுத்துக்கிட்டு ஸ்டேசனுக்குப் போனார். அவருக்கு உக்காரக் கதிரை குடுத்தாங்க. எனக்கு வாங்கு. வேலைக்காரன் நல்லவன், தங்கமானவன்னு ஹாஜியார் அடிச்சுச் சொன்னார். ஓ.ஐ.சி. பொறுமையாக் கேட்டார். அவர் கெட்ட மனுசன் இல்ல. தூக்கமில்லாம கண்ணு செவந்து போயிருந்துச்சு, அவ்வளவுதான்.

"வேலையப் பத்தி எனக்குச் சந்தேகமில்ல முதலாளி. வியாழக்கெழம மாடியில என்னா நடக்குது?"

ஹாஜியார் என்னைத் திரும்பிப் பாத்தார். அதப் பத்தி இந்தத் தம்பிக்குத் தான் தெரியும்னார். அப்புடித்தான் நான் பாதி எந்திரிச்சதும், நல்லத நம்புறோம்னு ஒளறுனதும்.

வெளிய வந்ததும் ஹாஜியார் கேட்டார். "மகன், எங்கள்ல ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பள்ளி இருக்கு, ஜமாஅத் இருக்கு. ஒருத்தன் மவுத்தானாலும் தூக்கிட்டுப் போக ஆள் வரும். ஒங்களுக்கு யாரு வருவா?"

கண்டி அண்ணன் வருவார்னு சொல்லிட்டு நான் காசு குடுத்து டெலிபோன் பேசுற கொமினிகேசன் கடைக்கு ஓடுனேன். கண்டி அண்ணன் போன்லயே ஜெபம் பண்ணினார். நல்ல ஜெபம். மீட்டர் ஓடுறதப் பாத்துக்கிட்டே ஆமென் சொன்னேன். ஒரு கடிதம் குடுங்களேன், லெட்டர்ஹெட்ல, சீல் குத்தின்னு கேட்டேன். நம்ம கிட்ட லெட்டர்ஹெட் கெடையாது பிரதர், அது நம்ம கொள்கைன்னார். ஒடனே பொறப்படுறேன், ஆனா றோட்டு பூரா செக்கிங், எப்ப வந்து சேருவேன்னு தெரியாதுன்னார்.

கடைக்குத் திரும்பி வந்தா வாசல்ல சரோஜா அண்ணி நிக்குறாங்க. தங்கராஜ் அண்ணனோட சம்சாரம். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல, வேலைக்குப் போறவங்களோட கைப்பிள்ளைங்களப் பாத்துக்குறவங்க. அன்னைக்கி அந்தப் பிள்ளைங்களையும் தன் பிள்ளைங்களையும் வேற ஒரு அம்மா கிட்ட விட்டுட்டு மொத பஸ்ஸுல எறங்கியிருக்காங்க. அவங்க எங்க கூட்டத்துல இல்ல. நெத்தியில திருநூறு.

"தம்பி, இவரு என்னா கட்சியில இருக்காரு?"

"கட்சி இல்ல அண்ணி. ஊழியம்."

"சங்கம் மாதிரியா? சந்தா புடிக்கிறாங்களா?"

"இல்ல அண்ணி."

"புடிச்சிருந்தா ஒரு ரசீதுத் துண்டாவது குடுத்திருப்பாங்க. அதக் காட்டியிருக்கலாம்." அண்ணி முந்தானையால மூஞ்சியத் தொடச்சிக்கிட்டாங்க. "எங்க தோட்டத்துல செத்துப் போனவன் கூட ஏதாவது ஒரு சங்கத்துல இருக்கான். இவரு உயிரோட இருந்துக்கிட்டு ஒன்னுலயும் இல்ல."

நாங்க எல்லாருக்கும் பொதுவானவங்க அண்ணின்னு ஆரம்பிச்சேன். அவங்க பாத்த பார்வையில பாதியில நிறுத்திட்டேன்.

"நான் ஆத்தாளுக்கு நேந்திருக்கேன். நீங்க ஒங்காளுக்கு நேந்துக்கங்க. எந்தப் பக்கம் கதவு தொறந்தாலும் சரி"ன்னாங்க. அப்பறம் கொஞ்சம் யோசிச்சிட்டு, "அந்தக் கல்லுக் கோயில்ல மணி அடிக்குதே, அங்க ஒரு ஐயா இருப்பாருல்ல? அவர் சொன்னா பொலிஸ் கேக்காதா?"

நான் கடைச் சாவியத் தேடுற மாதிரி நேரத்தக் கடத்துனேன்.

கல்லுக் கோயில் ஐயா

அந்தச் சபைப் போதகர் ஐயாவுக்கு எங்களக் கண்டா ஆகாது. எங்களுக்கு அவர் வச்ச பேரு பஸ் ஸ்டாண்டுகாரங்க. எல்லா ஊருக்காரனும் வந்து நிப்பான், ஒருத்தனும் அந்த எடத்துக்குச் சொந்தமில்லன்னு பிரசங்கத்துலயே சொன்னாராம். நல்லாத்தான் சொல்லியிருக்காரு. நான் சொல்லியிருந்தா கைதட்டு வாங்கியிருப்பேன்.

நாங்க போகக்குள்ள அவர் பனியனோட உக்காந்து கோழிக்கூட்டு வலையக் கம்பியால தச்சிக்கிட்டு இருந்தார். வயசானவர், தடிச்ச கண்ணாடி.

"பஸ் ஸ்டாண்டுகாரங்களா? என் கொயர்ல ஒழுங்காப் பாடுற பொடியங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிட்டீங்க. இன்னும் என்னா வேணும்?"

"ஞாயித்துக்கெழம திருப்பி அனுப்புறோமே ஐயா"ன்னேன்.

"அனுப்புறீங்க. வந்து உக்காந்து என் பிரசங்கத்துல பிழை புடிக்கிறாங்க."

நான் எங்க ஊழியத்தோட நோக்கத்த வெளக்க வாயத் தொறந்தேன். அண்ணி என்னை ஒதுக்கிட்டு முன்னுக்கு வந்தாங்க. "ஐயா, இவங்க கதை எனக்கு ஒன்னும் வெளங்காது. எம் புருசன பின்னேரம் கொழும்புக்கு ஏத்தப் போறாங்க. அவருக்காக வந்து பேச ஒருத்தரும் இல்ல."

ஐயா கம்பியக் கீழ வச்சார். உள்ள போனார். திரும்பி வரக்குள்ள வெள்ள அங்கி, கையில குடை. கூட்டுக் கதவு தொறந்தே கெடந்துச்சு. நாங்க வாசல் கேட்டத் தாண்டுறதுக்குள்ள ஒரு கோழி எங்களுக்கு முந்தி றோட்டுக்கு வந்திருச்சு. அவர் அதத் திரும்பிக்கூடப் பாக்கல.

ஒரே ஒரு ஆமா

அங்கியப் பாத்ததும் ஓ.ஐ.சி.யே எந்திரிச்சார். இந்தத் தடவ எனக்கும் ஒரு கதிரை கெடைச்சது. ஐயா நல்ல சிங்களத்துல, சுருக்கமா, தங்கராஜ் என் சபையாள்னு சொன்னார்.

ஓ.ஐ.சி. மூஞ்சியில வெளிச்சம் வந்துச்சு. அவருக்கும் வேண்டியிருந்தது அதுதான், எழுதுறதுக்கு ஒழுங்கா ஒரு வரி. தங்கராஜ் அண்ணனக் கூட்டிட்டு வரச் சொன்னார். சட்டையில பொத்தான் ஒன்னு இல்ல, கண்ணு உள்ள போயிருந்துச்சு.

"இந்த ஐயாவோட சபையா நீ?"

தங்கராஜ் அண்ணன் ஐயாவப் பாத்தார். அண்ணியப் பாத்தார். நான் அவர் கண்ணுல படுற மாதிரி ஆமா ஆமான்னு தலைய ஆட்டுனேன். கழுத்து சுளுக்குற அளவுக்கு ஆட்டுனேன்.

"இல்ல சேர்."

ஐயாவோட காது செவந்து போச்சு. அங்கி போட்ட மனுசன், பொலிஸ் முன்னுக்குப் பொய்க்காரராயிட்டார்.

"ஐயோ, ஆமான்னு சொல்லுங்களேன்"னாங்க அண்ணி.

"நான் ஒரு நாளும் அங்க போனதில்லையே சரோ."

"பிள்ளைங்க கேட்டா நான் என்னா சொல்றது? ஒரு ஆமா சொல்ல முடியாம ஒங்கப்பா போயிட்டாருன்னா?"

தங்கராஜ் அண்ணன் பொத்தான் இல்லாத சட்டைய இழுத்து இழுத்து மூடுனார். அத நான் எழுதியே ஆகணும். கதையில வர்ற மகான் மாதிரி அவர் சிரிச்சிக்கிட்டு நிக்கல. அவர் பயந்து போயிருந்தார். "ஆமான்னு சொல்ல எனக்கும் ஆசை தான் சரோ"ன்னார். "சொன்னா இத்தன வருசமா நான் அந்தப் பொடியங்களுக்குச் சொல்லிக் குடுத்தது எல்லாம்..."

ஐயா குடைய எடுத்தார். சரி, மனுசன் கெளம்பிட்டார்னு நெனச்சேன். நானா இருந்தா எப்பவோ போயிருப்பேன். ஆனா அவர் கதிரைய இழுத்து, தங்கராஜ் அண்ணனுக்கு எதுத்தாப்புல போட்டு, உக்காந்தார்.

"நீ என்னா தான் வேலை செய்யிற?"

"ஒவ்வொரு ஆளா உக்கார வச்சு வேதத்தச் சொல்லிக் குடுக்குறேன் ஐயா."

"யாருக்கு?"

"கேக்குற யாருக்கும்."

"சரி. நான் கேக்குறேன்."

தங்கராஜ் அண்ணன் முழிச்சார். நானும் முழிச்சேன். முழிக்கிறதுல எனக்கு நல்ல பழக்கம்.

"ஐயா, ஒங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கு. எடுப்பியா, மாட்டியா?"

இப்ப யாரா இருந்தாலும் எடுக்குறேன் ஐயான்னு கால்ல விழுந்திருப்பான். நம்ம அண்ணன் நின்னு யோசிக்கிறார். யோசிச்சிட்டு, எங்க எல்லார் கிட்டயும் கேட்ட மாதிரியே அவர் கிட்டயும் கேக்குறார். வாரா வாரம் வருவீங்களா? வருவேன். வாசிச்சத வீட்ல செஞ்சு பாப்பீங்களா? முயற்சி பண்றேன். அப்பறம் நீங்களும் ஒரு ஆளுக்குச் சொல்லிக் குடுப்பீங்களா? ஐயா இந்தக் கடைசிக்குக் கொஞ்ச நேரம் எடுத்தார். அவர் ஆயுசு பூரா செஞ்ச வேலை அதுதானே. ஆனாலும் புதுசாக் கேட்ட மாதிரி யோசிச்சிட்டு, சரின்னார்.

"அப்பன்னா சரி ஐயா"ன்னார் தங்கராஜ் அண்ணன்.

ஓ.ஐ.சி. என்னைப் பாத்தார். என்னா நடந்துச்சுன்னு கேட்டார். நான் சிங்களத்துல சொன்னேன், இந்தக் கைதி இப்ப அந்தப் போதகருக்கு வாத்தியாராயிட்டார்னு. சொல்லிட்டு, நான் சொன்னது சரியான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு.

ஐயா எந்திரிச்சு நின்னார். "மாத்தயா, முந்தி நான் சொன்னது பிழை. இவர் என் சபையாள் இல்ல. நான் இவரோட சீஷன். அத எழுதுங்க. ஒரு பொய் சொன்னா வீட்டுக்குப் போகலாம்னு இருந்தப்பவும் இவர் சொல்லல, நீங்களே பாத்தீங்க. இவர் எங்கயும் ஓட மாட்டார். எப்பக் கேட்டாலும் நான் கூட்டிட்டு வர்றேன்."

ஓ.ஐ.சி. ரொம்ப நேரம் பேனாவ உருட்டிக்கிட்டே இருந்தார். வெளிய ஜீப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாக்குற சத்தம். அப்பறம் குனிஞ்சு எழுத ஆரம்பிச்சார். எழுதிக்கிட்டே சொன்னார், இது பொய்யின்னு தெரிஞ்சா குரு சீஷன் ரெண்டு பேரையும் உள்ள வைப்பேன்னு.

வாசல்ல வச்சு அண்ணி ஐயா கிட்டக் கேட்டாங்க. "நெசமாவே படிக்கப் போறீங்களா ஐயா, இல்ல சும்மா சொன்னீங்களா?"

"சும்மா சொல்ல ஒம் புருசன் விடுவானாம்மா?"

வியாழக்கெழம

விடல.

அந்த வியாழக்கெழம பின்னேரம் மழையோ மழை. ஸ்டோர் தகரத்துல விழுற சத்தத்துல பக்கத்துல பேசுறது கேக்காது. வழக்கமா வர்ற பொடியங்கள அன்னைக்கி வர வேணாம்னு சொல்லியாச்சு. தங்கராஜ் அண்ணன் ஒரு மரப்பெட்டியையும் ஒரு மிளகு மூட்டையையும் எதிரும் புதிருமாப் போட்டு வச்சிருந்தார். சொல்லிக் குடுக்குறவருக்குப் பெட்டி, கேக்குறவருக்கு மூட்டை. நேரம் போகுது, ஐயாவக் காணோம்.

தங்கராஜ் அண்ணன் எந்திரிச்சுச் செருப்ப மாட்டுனார்.

"எங்கண்ணே?"

"ஸ்டேசனுக்கு. ஐயா வரலன்னா ஓ.ஐ.சி. எழுதுனது பொய்யாப் போயிருமே தம்பி. நான் போய் சொல்லணும்."

நான் மாடிப்படியில குறுக்க உக்காந்துட்டேன். மடியில ஒரு பெட்டி கசட். ஒங்களுக்குப் பைத்தியமாண்ணே, மழைக்கு நின்னிருப்பாரு, வயசான மனுசன், பொலிஸே அத மறந்திருப்பான்னு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அண்ணி காதுக்கு இது போனா ஒங்கள ஆத்தாளுக்கே பலி குடுத்துருவாங்கன்னும் சொன்னேன். அவர் என்னைத் தள்ளல. தள்ளுற ஆள் இல்ல. ஒரு படி மேல, கைய வயித்துல கட்டிக்கிட்டு, நான் எந்திரிக்கிற வரைக்கும் நின்னார். அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. எனக்கு இடுப்பு வலிக்க ஆரம்பிச்சது.

நான் எந்திரிக்கப் போற நேரத்துல கீழ குடை மடக்குற சத்தம். ஐயா. முழங்கால் வரைக்கும் நனைஞ்சு, அங்கிய ஒரு கையில தூக்கிப் புடிச்சிக்கிட்டு ஏறி வர்றார். யட்டவத்தையில ஒரு சீக்காளியப் பாக்கப் போயிட்டு வர்றாராம்.

மூட்டையில உக்காந்தார். கண்ணாடியத் தொடச்சார். பழக்க தோசத்துல, ஜெபம் பண்ணுவோமான்னு கையக் கூப்புனார்.

"பண்ணலாம் ஐயா. அதுக்கு முந்தி ஒன்னு கேக்கணும்"னார் தங்கராஜ் அண்ணன். "எதுக்கு வந்தீங்க?"

"ஒன்னக் காப்பாத்தத் தான்."

"அது அன்னைக்கே முடிஞ்சிருச்சே ஐயா. இன்னைக்கி எதுக்கு வந்தீங்க?"

ஐயா கண்ணாடியக் கையிலயே வச்சிக்கிட்டு இருந்தார். கண்ணாடி இல்லாம அவர் மூஞ்சி வேற யாரோட மூஞ்சியோ மாதிரி இருந்துச்சு.

"அதத்தான் யட்டவத்தையில பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டே யோசிச்சேன்"னார். "மொத பஸ் முன்னுக்கு வந்து நின்னுட்டுப் போயிருக்கு. நான் ஏறல."

நான் கீழ எறங்கிப் போய் பிளேன்டி வாங்கிக்கிட்டு வந்தேன். வரக்குள்ளயும் ரெண்டு பேரும் அதே மாதிரி உக்காந்திருக்காங்க. பேசல, ஜெபிக்கல, புத்தகமும் தொறக்கல. ஒருத்தர் பெட்டியில, ஒருத்தர் மூட்டையில, நடுவுல தகரத்து மழை சத்தம்.

டீய வச்சிட்டு எந்தப் பக்கம் உக்கார்றதுன்னு தெரியாம நான் நின்னுக்கிட்டே இருந்தேன். ஐயா அவர் மூட்டையில கொஞ்சம் நகந்து எடம் விட்டார்.